தீவுக்குப் பின்னால் ஒதுங்கும் இடம்

ஓர் ஊரின் பேச்சை நான் திரித்தேன். தெரிந்தே திரித்தேன்.

வாய் தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். என் ஆங்கிலம் அப்படித் தவறுவதில்லை! தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் அதைத்தான் கற்பிக்கிறேன்.

எங்கள் கடலில் புதிய தேசியப் பூங்கா அமைக்கத் திட்டமிட்டார்கள். கரையோர மக்களைக் கலந்தாலோசித்தே எல்லையை வகுப்பது என்று முடிவாயிற்று. வடக்கிலிருந்து வந்த திட்டக் குழுவினருக்குத் தமிழ் தெரியாது. மீனவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். இரு தரப்புக்கும் நானே வாய், நானே காது...

பூங்கா வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. இழுவலைகள் உடைத்துப்போட்ட பவளப்பாறைகளைப் படங்களில் பார்த்திருந்தேன். இடித்த வீட்டின் காரைக் குவியல் போலக் கிடந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டாமா?

ஒரு மீனவ ஊரின் மாதா கோயில் கூடத்தில் கூட்டம் நடந்தது. ஊர் சார்பில் பேச எழுந்தவள் ரீத்தா. மீனை ஏலம் எடுத்து விற்பவள். அவள் கணவன் மிக்கேல் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன்.

"பார்க் வரட்டும் டீச்சர், நாங்க வேண்டாங்கல. ஆனா வாடைக்காத்து எந்திச்சா எங்க வள்ளமெல்லாம் ஊருக்கு எதிர்க்க இருக்க அந்தத் தீவுக்குப் பின்னாலதான் ஒதுங்கும். அந்த இடத்த எங்களுக்கு விட்ரணும். அத எழுத்துல தந்தாத்தான் சம்மதம், இல்லன்னா இல்ல. நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொல்லியிருக்கலாமே!

ஊர்கள் எதிர்த்தால் திட்டமே கைவிடப்படும் என்று குழுத் தலைவர் முன்பே என்னிடம் வருந்தியிருந்தார். 'இல்லன்னா இல்ல' என்பது அவருக்கு எதிர்ப்பாகத்தானே கேட்கும்? அவருக்கு எது கேட்க வேண்டும் என்பதை நானே தீர்மானித்தேன். எழுந்து, தெளிவான, அழகான ஆங்கிலத்தில் சொன்னேன்: "பூங்காவை இவர்கள் வரவேற்கிறார்கள். மீனவர்களின் பாதுகாப்பையும் மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறார்கள்."

தலைவரின் முகம் மலர்ந்தது. குழுவினர் கைதட்டினார்கள். தான் பேசியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று எண்ணி ரீத்தா கும்பிட்டாள்...

அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூங்கா வந்தது. தீவும் அதைச் சுற்றிய நீரும் தடைப்பகுதிக்குள் போயின. "கேக்குற மாதிரி கேட்டுட்டு ஏமாத்திட்டானுவ" என்று ஊர் கொதித்தது. எல்லாரையும் திட்டினார்கள். என்னை மட்டும் ஒருவரும் திட்டவில்லை.

அடுத்த வாடைக்காலத்தில் மிக்கேல் கடலில் இருந்தபோது காற்று வெறிகொண்டு எழுந்தது. தீவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒதுங்கினால் வள்ளத்தைப் பறிமுதல் செய்துவிடுவார்களே என்று பயந்து, நேரே கரைக்கு விட்டிருக்கிறான். கரையை நெருங்கும்போது வள்ளம் கவிழ்ந்தது. அவன் கால் அதனடியில் சிக்கி நசுங்கியது.

உயிர் பிழைத்தான். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ரீத்தா நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"அன்னைக்கு நீங்க எவ்வளவு நல்லா எடுத்துச் சொன்னீங்க டீச்சர்! அவங்கதான் காதுல வாங்கல. இன்னொரு தடவ வந்து சொல்லுங்க. உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

அவளோடு குழுத் தலைவரின் அலுவலகத்துக்குப் போனேன். இம்முறை அவள் பேசியதை ஒரு சொல்கூடக் குறையாமல் சொன்னேன். தலைவர் திகைத்துப்போனார்.

"இதை ஏன் அன்றே சொல்லவில்லை? ஒதுங்க இடம்தானே... அப்போதே விட்டிருப்போமே! இப்போதாவது விட்டுவிடுகிறோம்" என்றார் ஆங்கிலத்தில்.

ரீத்தா என் கையைப் பற்றினாள். "என்ன சொல்லுதாரு டீச்சர்?"

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு இனி எனக்குக் கிடைக்குமா? சொன்னேனா?

"இடம் விட்ருவாங்களாம்" என்றேன்.

"அன்னைக்கு ஏன் விடலையாம்?"

"மறந்துட்டாங்களாம்."

இரண்டாவது முறையும் தடுமாற்றமே இல்லை! எவ்வளவு எளிதாக வந்தது...

சொன்னபடியே இடம் விட்டார்கள். வள்ளங்கள் இப்போது அச்சமின்றி ஒதுங்குகின்றன. பாறைகளில் நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது. பூங்காவைப் பற்றி நான் நினைத்தது சரிதான். யார் கேட்டாலும் உரக்கச் சொல்வேன். ஆனால், அவள் பேச்சை அவள் பேசியபடியே சொல்லியிருந்தாலும் இதே பூங்கா வந்திருக்கும்... அதுவும் எனக்குத் தெரியும்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். ரீத்தாவிடம் சொல்லவில்லை.

மிக்கேல் இப்போது ஏலக்கூடத்தில் உட்கார்ந்து மீன் தரம் பிரிக்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் ஊன்றுகோலைத் தேடி எடுத்து, மரியாதைக்காக எழுந்து நிற்கிறான். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுகிறேன்.

கேட்பதில்லை.