மென்சீஸ் என்று எழுதி மிஙிஸ் என்று சொல்லும் பெயர்

லண்டனில் பெருங்காற்று அடித்துப் பூங்காக்களில் மரங்கள் வேரோடு சரிந்து கிடந்த வருடம். ஊரில், காப்பாற்ற வந்த இந்தியன் ஆமியே ஷெல் அடிக்கத் தொடங்கிய வருடம். படித்தவர்கள் அதை எண்பத்தேழு என்கிறார்கள். எனக்கு எண் வராது. காற்றைச் சொன்னால் மற்றதெல்லாம் வரும். போன மாதம் கிளாக்கர் அண்ணையின் மகள் தொலைபேசி எடுத்து, "கந்தப்பு மாமா, அப்பா மோசம் போயிட்டார்" என்றபோது எனக்கு அவருடைய முகம் வரவில்லை. அந்தக் காற்றுக்குப் பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் வந்தது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லாரும் எழுதுகிறார்கள். நான் கைநாட்டு. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவரைத் தெரிந்த உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவதும் பாதிதான்.

அருளம்பலம் அண்ணை யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கினார். அப்டன் பார்க்கில் ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். அரசாங்கத்தின் மண்ணிற உறைகள் ஆருக்கு வந்தாலும் அவர்தான் வாசிப்பார். உறையைக் கிழிக்கமுன் சோப் போட்டுக் கை கழுவுவார். "கறி மணத்தோடை திறக்கக் கூடாது. இதுக்குள்ளை ஒரு ஆளின்ரை தலை கிடக்கு" என்பார்.

நான் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். எழுத்து இல்லாவிட்டாலும் காது உண்டு. ஒரு பெயரை ஒருக்கால் கேட்டால் பத்து வருடம் கழித்தும் அப்படியே சொல்லுவேன். அண்ணை வந்தவர் போனவரிடம் எல்லாம், "நான் கண், கந்தப்பு காது. ரெண்டும் சேந்தால் ஒரு முழு ஆள்" என்று பகிடி விடுவார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

என் தம்பி நல்லையா அந்த வருடம்தான் வந்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். தன்னிடமிருந்த கடுதாசிகளை ஒரு பைக்குள் போட்டு, "பத்திரமா வையுங்கோ அண்ணை" என்று தந்திருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அண்ணை, இண்டைக்குப் பின்னேரம் என்னைப் பிளேனிலை ஏத்தப் போறாங்களாம். மிஙிஸ் எண்ட லோயருக்குச் சொல்லுங்கோ. மிஙிஸ். அவர் நிப்பாட்டுவார். அவற்றை நம்பர்..."

அத்தோடு அவனுடைய காசு முடிந்து லைன் அறுந்தது.

கிளாக்கர் அண்ணை ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். எழுப்பினேன். நான் சொன்ன சத்தத்தை அப்படியே இங்கிலீசில் எழுதினார். டெலிபோன் புத்தகத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். அப்படி ஒரு பெயர் இல்லை. நம்பர் விசாரிக்கிற இடத்துக்கு அடித்தார். அந்தப் பெண் எழுத்தெழுத்தாகக் கேட்டுவிட்டு இல்லை என்றாள். பிறகு நல்லையாவின் பையைக் கட்டிலில் கொட்டினோம். ஊர்ப் படங்கள், மருந்துச் சீட்டு, அதோடு பேனையால் எழுதிய ஒரு துண்டு. அதை அண்ணை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"கந்தப்பு, இதிலை மென்சீஸ் எண்டு ஒரு பேரும் நம்பரும் கிடக்கு. அவன் சொன்னது மென்சீஸோ?"

"இல்லை அண்ணை. மிஙிஸ்."

"வடிவா யோசிச்சுச் சொல்லு. ரெண்டும் ஒரு எழுத்திலைதான் துடங்குது."

"என்ரை காது செவிடோ? மிஙிஸ் எண்டால் மிஙிஸ்தான்."

அவர் கை தொலைபேசிக்குப் போனது. "எதுக்கும் ஒருக்கால் அடிச்சுப் பாப்பம்" என்றார்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். "கண்டவனுக்கெல்லாம் அடிக்காதேங்கோ. அது இமிகிரேசன்காரன்ரை நம்பரா இருந்தால் என்ன செய்யிறது?"

அண்ணை துண்டைக் கட்டிலில் வைத்தார். பின்னேரம் வரை வேறு லோயர்மாரைத் தேடினோம். ஒருவர் நாளைக்கு வரச் சொன்னார். இன்னொருவர் சாப்பிடப் போயிருந்தார். விமானம் ஐந்து மணிக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் திரும்பவும் தொலைபேசி அடித்தது. ஒரு வெள்ளைக்காரக் குரல். முதல் சொல்லே மிஙிஸ். நான் அண்ணையைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டார். எம், ஈ, என், இசட். அந்த இடத்தில் பென்சில் நின்றது. மற்ற மூன்று எழுத்தையும் அவர் எழுதவில்லை. கட்டிலுக்குப் போய் அந்தத் துண்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

அந்த லோயர் ஸ்கொட்லாந்துக்காரர். அவர்களுடைய பழைய எழுத்தில் வால் வைத்த ஓர் எழுத்து இருந்ததாம். அச்சுக்காரரிடம் அந்த அச்சு இல்லாதபடியால், வடிவத்தில் கிட்ட நின்ற இசட்டைப் போட்டார்களாம். எழுத்து மாறியும் சனம் வாயை மாற்றவில்லை. இதையெல்லாம் அவர் அண்ணைக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். செவ்வாய்க்கிழமை முழுக்கத் தன் கந்தோரில், தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் இருந்ததாகவும் சொன்னார்.

தொலைபேசியை வைத்துவிட்டு அண்ணை சொன்னது இது: "அரிவரியிலை ங, ஙா எண்டு கத்திப் படிச்சம். ஒருநாளும் உதவேல்லை. இந்தப் பேரைச் சொல்ல அந்த ஙதான் வேணும். உதவ வேண்டிய நாள் போனாப் பிறகு உதவுது."

கொழும்பில் இறங்கிய நல்லையா, யாழ்ப்பாணத்தில் இருந்த தன் மனிசியைத் தேடி வெளிக்கிட்டான். போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதைச் சொல்லி ஊரிலிருந்து வந்த கடிதத்தைத் திறக்கவும் அண்ணை கை கழுவினார். முதல் வரியை வாசித்துவிட்டு, மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

சங்கதி வெளியே போனது. ஒருநாள் கிறீன் ஸ்ட்ரீட் மரக்கறிக் கடையில் ஒருவர் எல்லாருக்கும் கேட்க, "கச்சேரிக் கிளாக்கராம்! ஒரு பேரை வாசிக்கத் தெரியேல்லை, ஒரு உயிர் போச்சு" என்றார். அண்ணை திரும்பி, "ஓம், என்ரை பிழைதான்" என்றார். நான் கத்தரிக்காய்ப் பையோடு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. பிறகு பத்து வருடமும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் நீங்கள் அறிந்த 'ஸ்பெல்லிங் அண்ணை' ஆனார். ஆரோடு கதைத்தாலும், பெயரை எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது என்று இரண்டையும் கேட்காமல் விடமாட்டார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடமே கேட்டு, "தாலி கட்ட முதல் ஸ்பெல்லிங் பாக்கிறார்" என்று எல்லாரும் சிரித்தீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மன்னாரைச் சேர்ந்த ஒரு தாய்க்குக் குரோய்டனில் விசாரணை. அவவின் லோயர் பெயரும் ஸ்கொட்லாந்துப் பெயர்தான். எழுத்தைப் பார்த்தால் கொல்குஹூன், சொல்வது ககூன். வாசலில் "ககூன்" என்று தன் பெயரைச் சொன்ன லோயரைத் தெரியாதென்று அவ தலையாட்டியிருக்கிறா. கூடப் போயிருந்த அண்ணை ஓடிப்போய், "அக்கா, உங்கடை ஆள்தான், எழும்புங்கோ!" என்றாராம். அவவுக்கு விசா கிடைத்தது. கேக் கொண்டுவந்தா. அண்ணை வாங்கி வைத்தார், சாப்பிடவில்லை.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, அண்டைக்கு அடிக்க விடாமல் உங்கடை கையைப் பிடிச்சது நான்தானே" என்றேன்.

"ஏன்ராப்பா இப்ப?" என்றார். கொஞ்சம் மூச்செடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ கேட்டது சரி. நான் வாசிச்சதும் எழுத்தின்படி சரி. ரெண்டு பேரும் சரியாச் செய்துதான் அவனை அனுப்பி வைச்சனாங்கள்."

செத்தவீடு முடிந்து அவருடைய மகள் ஓர் உறையைத் தந்தாள். உள்ளே அந்தத் துண்டு. என்னால் அதை வாசிக்க முடியாது. ஆனால் அதில் கோணலாக நிற்கிற இசட்டை விரலால் தொட்டுக் காட்டுவேன். எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீசு எழுத்து அதுதான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பதும் அந்த ஓர் எழுத்துத்தான்.

கடையில் அவரை ஏசியவர் இதை வாசித்தால், ஏச வேண்டிய ஆள் அவரில்லை என்று அறிந்துகொள்ளட்டும். அந்தத் தொலைபேசியில் கதைத்தவர்களில் நல்லையா இல்லை. மிஙிஸ் துரை இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். மலர்வளையம் கொண்டுபோய் வைத்தது கிளாக்கர் அண்ணை. இப்போது அவரும் இல்லை. கையைப் பிடித்த ஆள் மட்டும் இருக்கிறேன், கந்தப்பு.