கரி படியாத வீடு

செஞ்சிப் பஞ்சாயத்தில் நான் ஓவர்சீயராக இருந்தபோது இருபது வீடு கட்டினோம். அறுபதுகளின் நடுப்பகுதி அது. பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அதன் பின்னால் ஓலைக் குடிசை போட்டிருந்த கூலிக் குடும்பங்களை எங்காவது நகர்த்த வேண்டியிருந்தது. ஏரிக்கரைக்கு அப்பால் முள்ளும் கல்லுமாகக் கிடந்த புறம்போக்கைச் சமப்படுத்தி, எதிரெதிராக இரண்டு வரிசை எழுப்பினோம். மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. காகிதக் கட்டுகளால் இரண்டு அலமாரி நிறைந்தது. கோட்டைக்குள் ராஜாக்கள் நெல் கொட்டி வைக்கக் கட்டிய களஞ்சியம் இருக்கிறது. எங்கள் இருபது வீட்டையும் அதற்குள் தூக்கி வைத்தாலும் நெல்லுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

வீடு என்றால் ஒரே அறை. செங்கல் சுவர், நாட்டு ஓடு, உள்ளேயும் வெளியேயும் சுண்ணாம்பு. வாசல் பக்கம் ஒரு கதவு, ஒரு ஜன்னல். அதற்கு எதிர்ச் சுவரை ஒட்டி மேடை கட்டி அடுப்பு பதித்திருந்தோம். புகைபோக்கி கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. எஸ்டிமேட்டிலிருந்து அதை மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு வீடுகளைக் கொடுத்தோம். வாடகை பேருக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வாங்கியவர் அதில் குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைத் திரும்ப எடுத்துப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுவோம்.

நான்கு மாதம் போவதற்குள் புகார் வந்தது. ஒரு வீட்டில் மல்லாட்டை மூட்டை அடுக்கியிருக்கிறதாம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இன்னொரு வீட்டில் ஆடு கட்டியிருக்கிறதாம். மூன்றாவது வீட்டை வாங்கியவர் மச்சானுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாராம். எங்கள் நிர்வாக அதிகாரி நல்ல மனிதர், ஆனால் மேலிடத்துத் தபால் என்றாலே பயப்படுகிற ஆள். என்னைக் கூப்பிட்டு, யார் குடியிருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்து எழுதித் தரச் சொன்னார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் போகிற நேரத்தில் பாதி வீடு பூட்டியிருக்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், வேண்டியவனென்றால் குடியிருக்கிறான், வேண்டாதவனென்றால் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"ஆள் பொய் சொல்லுவான் சார். அடுப்பு சொல்லாது. சமைச்சா சுவர் கறுத்துடும். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாலே போதும்" என்றேன்.

"நெருப்பில்லாம புகையாதுங்கிறது சரிதான்" என்று அவர் சிரித்தார். அன்றைக்கே படிவத்தில் ஒரு பத்தி சேர்த்தார். "அடுப்புச் சுவரில் கரி: உண்டு, இல்லை." கடலூரிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர் அதைப் பாராட்டிவிட்டும் போனார். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாட்களில் அது ஒன்று.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. என் வீடு வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. சைக்கிளில் முக்கால் மணி நேரம். ஐந்து மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் இலையில் உட்கார முடியும். ஐந்தே முக்காலுக்கு மேல் ஆகிவிட்டால் அம்மா வாசலில் வந்து நின்றுவிடுவாள். "பொழுது போச்சுன்னா நீ பட்டினிதான். அப்டி இன்னாதான் வேலையோ" என்பாள். ஆகவே என் வேலைகளெல்லாம் மத்தியானத்தோடு சரி. ஏரிக்கரை வீடுகளுக்கும் இரண்டு மணி வெயிலில்தான் போனேன். அந்த நேரத்தில் அங்கே குடியிருந்தவர்கள் எல்லோரும் யாருடைய புன்செய்க் கொல்லையிலாவது குனிந்து மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது ஒரே வேளைதான், அதுவும் விளக்கு வைத்தபின். அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நான் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. இது எனக்கு அப்போது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

முதல் தடவை போனபோது ஏழு வீட்டில் கரி இல்லை. ஏழு வீட்டுக்கும் எச்சரிக்கைக் காகிதம் ஒட்டினோம். ஒரு மாதம் கழித்துப் போனால் ஆறு வீட்டில் சுவர் ஓடு வரைக்கும் கறுத்திருந்தது. பனைமட்டையைப் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வீட்டில் தரையெல்லாம் ஆட்டுப்புழுக்கை. படிவத்தில் ஆட்டுப்புழுக்கைக்குப் பத்தி இல்லை. "உண்டு" என்று எழுதினேன்.

மிச்சமிருந்தது ஒன்பதாம் நம்பர் வீடு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரை பெருக்கித் துடைத்தாற்போல் இருந்தது. அடுப்புச் சுவர் சுண்ணாம்பு அடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பாய், பானை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் பின்பக்கம் மூன்று கல்லும் கொஞ்சம் சாம்பலும் கிடந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் யாரோ கிழங்கு சுட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். "இல்லை" என்று எழுதி, ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யும்படி கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முதலில் ஒட்டிய எச்சரிக்கையை ஏதோ பஞ்சாயத்துக் காகிதம் என்று விட்டுவிட்டாளாம்; இதை வரும் வழியில் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் அங்கதாங்க இருக்கறேன். ஊட்டுக்காரரு, ரெண்டு பொண்ணுங்க, நாலு பேரும் அங்கதான் படுக்கறோம். இல்லன்னு எழுதிட்டீங்களாமே."

"அடுப்பே எரியலையேம்மா" என்றேன்.

"எரியுதுங்க. வெளியில வெச்சி ஆக்கறேன். கல்லு கூட்டி வெச்சிருக்கறேனே, பாக்கலியா?"

"உள்ளே அடுப்பு கட்டிக் கொடுத்திருக்கே. அதுல ஏன் ஆக்கலை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அது கேட்கப்பட வேண்டிய கேள்வியாகவே அவளுக்குப் படவில்லை போலிருந்தது. "பொறந்ததுலேர்ந்து கரியிலயே கெடந்தோம். குடிசையில எதத் தொட்டாலும் கையி கறுத்துடும். இந்தச் சுவரு வெள்ளையா இருக்குது. அதுல போயி எப்டிங்க அடுப்பப் பத்த வெக்கறது?" என்றாள்.

பக்கத்தில் நின்ற எங்கள் பியூனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ, நாலு மட்டையக் கொளுத்திட்டுப் போவியா. எல்லாரும் அதானே செஞ்சாங்க. இன்னிக்கே கொளுத்து, ஓவர்சீரு நாளைக்கு வந்து பாத்துட்டு மாத்தி எழுதிடுவாரு" என்றான்.

அவன் சொன்னது நல்ல யோசனை. கெடுத்தவன் நான். எனக்குத் திடீரென்று நேர்மை வந்துவிட்டது. அவனை முறைத்துவிட்டு அவளிடம், "அதெல்லாம் வேண்டாம். நீ சுவரை ஒண்ணும் பண்ணாதே. நானே ஒருநாள் சாயந்தரம் வந்து, நீங்க இருக்கிறதைப் பாத்து எழுதிடறேன்" என்றேன்.

"விளக்கு வெக்கற நேரத்துக்கு வாங்கய்யா. அப்பதான் நாங்க வருவோம்" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

விளக்கு வைக்கிற நேரம் என்று அவள் சொன்னபோதே என்னால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் மழை, ஒருநாள் கூட்டம், ஒருநாள் ரோடு வேலை. மற்ற நாட்களில் ஐந்து மணியானதும் கால் தானாகச் சைக்கிளுக்குப் போயிற்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை சாப்பிடாமல் இருந்தால் உயிர் போய்விடாது. எங்கள் வீட்டுப் பெண்கள் நோன்பு என்று நாள் கணக்கில் பட்டினி கிடப்பவர்கள். நான் ஒருத்தன் ஒருநாள் கிடந்திருக்கலாம். அம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் அவளே போகச் சொல்லியிருப்பாள்.

கெடு முடிவதற்கு முதல் நாள் மனசு உறுத்தி, நாலரை மணிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர் வரிசை நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து ஆயிற்று, ஐந்தேகால் ஆயிற்று. ராஜகிரியின் நிழல் ஏரிக்குள் இறங்க ஆரம்பித்தது. அந்த மலை மறைப்பதால் அங்கே பொழுது மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் சாய்ந்துவிடும். நான் எழுந்து சைக்கிளை மிதித்தேன். கரை முனையில் அவள் எதிரே வந்தாள். தலையில் மல்லாட்டைக் கொடிக் கட்டு. கூட இரண்டு பெண்கள், சின்னதுக்கு ஆறு வயது இருக்கும். அவலூர்பேட்டை சாலையில் ஏதோ கொல்லையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள்.

"வந்துட்டீங்களா" என்று கட்டைக் கீழே போட்டாள். "ஒரு அஞ்சு நிமிசம் இருங்கய்யா, இதோ பத்த வெச்சிடறேன். ஊட்டுக்காரரும் பின்னாடியே வராரு."

"நாளைக்கு வரேம்மா. நேரமாயிடுச்சு" என்றேன்.

"சரிங்க" என்றாள். அவள் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. வந்ததே பெரிது என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குப் போனபோது நிர்வாக அதிகாரி கடலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் நான் எழுதிக் கொடுத்த வீட்டுப் பட்டியல். ஒன்பதாம் நம்பரை மட்டும் நிறுத்தி வைக்கலாம், அந்தப் பெண் அங்கேதான் இருக்கிறாள் போலிருக்கிறது என்றேன்.

"சமைக்கிறதை நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"பாக்கலை."

"குடியிருக்கிறதை?"

"வழியில பாத்தேன்."

"வழியில பாத்ததை எப்படி எழுதறது? நீங்கதானே சார் அடுப்பு பொய் சொல்லாதுன்னீங்க" என்றார். பட்டியலில் ஒரு வீட்டையாவது எடுத்துக் காட்டினால்தான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம் என்று மேலே நம்புவார்கள் என்பது அவர் கவலை. நான் இன்னும் கொஞ்சம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். பயந்த மனிதரை வற்புறுத்துவது சுலபம். ஆனால் அது என்னுடைய யோசனை. மேலதிகாரி பாராட்டிய யோசனை. அதில் ஓட்டை இருக்கிறது என்று நானே எப்படிச் சொல்வேன்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரியாக நானே இருந்தேன். பஸ் வந்துவிட்டது, அவர் போய்விட்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. சாவியை வாங்கி வரும் வேலை எனக்கு. வீடு வாங்கியவர் அதை ஒப்படைக்கும்போது கொடுத்த நிலையிலேயே கொடுக்க வேண்டும் என்று விதி. அதையும் பார்த்து எழுத வேண்டும். காலையிலேயே போனேன். அவர்கள் வேலைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். ஏரிக்கரையில் மறுபடியும் குடிசை போட ஓலை வாங்கி வைத்திருந்தார்கள். புருஷன் பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே நின்றான். அவன் ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். அந்த வீட்டுக்குள் நான் காலை வைத்தது அன்றுதான் முதல் தடவை. தரை கழுவி ஈரமாக இருந்தது. அடுப்பு மேடை, அடுப்புச் சுவர், பக்கச் சுவர்கள் எல்லாம் வெள்ளை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று திரும்பினேன். அப்போதுதான் ஜன்னல் இருக்கும் சுவரைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவனுக்குத் தெரியாத சுவர் அது ஒன்றுதான். பாயும் பானையும் வைத்திருந்த தடம் அதன் அடியில் இருந்தது. அதற்கு மேலே, தரையில் உட்கார்ந்தால் தலை சாய்கிற உயரத்தில், வரிசையாக நான்கு எண்ணெய்க் கறை. இரண்டு பெரிது, இரண்டு சின்னது. கடைசிக் கறை முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒருநாள் இரண்டு நாளில் அப்படிப் படியாது. மாதக் கணக்கில் தினமும் அந்தந்த இடத்தில் அந்தந்தத் தலை சாய்ந்திருக்க வேண்டும்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் கவனித்துவிட்டாள். முந்தானையை நனைத்துக்கொண்டு அவசரமாக வந்து, சின்னக் கறையைத் தேய்த்தாள்.

"பசங்க சாஞ்சி சாஞ்சி அழுக்காக்கிட்டாங்கய்யா" என்றாள். "நேத்தெல்லாம் தொடச்சிப் பாத்துட்டேன், போவல. நீங்க குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துது. ஒண்ணும் எழுதிடாதீங்க."

"பரவால்லம்மா, சுண்ணாம்பு அடிச்சிக்கிறோம்" என்று சொல்லி, நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.