மற்றவன் செத்தான் என்ற செய்தி

முதலாளி இரண்டு சர்வர் வாங்கினார். கொழும்பில் ஒன்று வெள்ளவத்தையில், ஒன்று கொட்டாஞ்சேனையில். இரண்டையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள், நான். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்களுடையது இரத்தம் பரிசோதிக்கிற லாப். எந்தக் கிளையில் முடிவை எழுதினாலும் அது இரண்டு சர்வர்களின் டிஸ்கிலும் ஒரே நொடியில் பதியும். ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். கொட்டாஞ்சேனையில் இரத்தம் கொடுத்தவரின் முடிவை டொக்டர் வெள்ளவத்தையிலிருந்தே ஸ்கிரீனில் பார்த்துவிடலாம். அப்படியென்றால் கடதாசி எதற்கு என்று, கொட்டாஞ்சேனையில் ரிப்போர்ட் அச்சிடுவதையே முதலாளி நிறுத்திவிட்டார். புண்ணியவான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொல்லாத இடம் உண்டு. சர்வர்கள் இரண்டும் சுகமாயிருந்து, நடுவிலிருக்கும் லைன் மட்டும் அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதென்று நினைத்துத் தானே தலைமை எடுத்துக்கொள்ளும். இங்கே எழுதுவது அங்கே போகாது. உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கோ இரண்டு பக்கமும் ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் அந்த நேரத்தில் என் ஃபோனுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும்படி வைத்திருந்தேன். அதன் பொருள் இவ்வளவுதான்: மற்றவன் செத்தான், பொறுப்பை நான் எடுக்கிறேன்.

யுத்தகாலக் கொழும்பில் தமிழன் ஒருவனின் ஃபோனில் இருக்கிற வாசகமா இது? பாமன்கடைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதை வாசித்துவிட்டு, "கவுத மெரிலா?" என்று சிங்களத்தில் கேட்டான். யார் செத்தது என்று. கம்பியூட்டர் என்றேன். ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

கொட்டாஞ்சேனைக் கவுண்டரில் இருந்த பெண்ணைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கெட்டிக்காரி. "அண்ணா, அந்த மெசேஜ் எனக்கும் வரச் செய்யுங்கோ. என்ன செய்யிறதெண்டு காட்டித் தந்தா நானும் பாப்பன்தானே" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, உம்மட ஃபோனில அது கிடந்தா கரைச்சல்" என்றேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு. வாசகத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்பது அன்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. பயம் புத்தியைத் தின்றிருந்தது.

ஒரு நாள் விடிய வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. என் லொட்ஜில் இருந்த அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது. வேலை செய்கிற இடத்துக் கடிதம் வேண்டுமாம். "மல்லி, ஃபோன் எக தென்ன" என்று தம்பி முறை சொல்லி ஃபோனை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டான் ஒரு பொலிஸ்காரன். முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன். அவர் மறுநாள் காலையில்தான் கடிதம் அனுப்பினார். அதையும் தானே கொண்டுவரவில்லை. மத்தியானம் என்னை விட்டார்கள். ஃபோனைத் திறந்தால் முதல்நாள் காலை பத்து மணிக்கே அந்தச் செய்தி வந்து கிடந்தது.

ஓட்டோ பிடித்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். லைன் திரும்ப வந்திருந்தது. ஆனால் சர்வர்கள் இரண்டும் ஒன்றையொன்று ஏற்க மறுத்து நின்றன. ஒன்றின் ஒருநாள் பதிவை அழித்தால்தான் சேரும். முதலாளி ஃபோனில் வந்தார். பொலிஸில் அடித்தார்களா, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, வெள்ளவத்தைப் பக்கத்த வச்சிக்கங்க. அங்கதான் பெரிய ஆளுங்க ரிப்போர்ட்டெல்லாம் இருக்கு. கொட்டாஞ்சேனைய அழிச்சிடுங்க."

"அங்க இரத்தம் குடுத்தவை மனுசர் இல்லையோ?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன். வேலை போனால் போகட்டும். எதையும் அழிக்குமுன் கொட்டாஞ்சேனைப் பதிவு முழுவதையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டோம். தங்கச்சி ஒரு பெயரில் விரலை வைத்தாள். ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த ஐந்து வயதுப் பிள்ளை, டெங்குக் காய்ச்சல். முதல்நாள் மத்தியானம் பிளேட்லெட் இருபத்திரண்டாயிரம் என்று அவளே பதிந்திருந்தாள், உயிருக்கே ஆபத்தான அளவு. வெள்ளவத்தை ஸ்கிரீனில் அதற்கும் முந்திய நாளின் ஒரு லட்சத்து இருபதாயிரம் அப்படியே நின்றது.

அதைப் பார்த்துத்தான் டொக்டர், பயமில்லை என்று அதிலேயே குறித்து, முதல்நாள் பின்னேரம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். திகதியைப் பார்த்திருக்கலாம். வாசலில் எழுபது பேர் காத்திருந்தால் யார் திகதி பார்க்கிறார்கள்?

டொக்டரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் தாயே கவுண்டருக்கு வந்து நின்றாள். விடியப்புறம் பிள்ளைக்குப் பல் முரசில் இரத்தம் கசிந்திருக்கிறது. டொக்டர் சொன்னதை நம்பாமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

"சேலைன் ஏத்துறாங்க. இப்பதான் கண்ணத் தொறந்துச்சு. நேத்து எடுத்த ரிப்போர்ட்ட வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அச்சிட்டுக் கொடுத்தேன். இலக்கத்தைப் பார்த்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"நேற்று மத்தியானம் அக்கா" என்றாள் தங்கச்சி.

"அப்ப அந்த டாக்டரு ஏன் பாக்கல?"

லைன் அறுந்தது, செய்தி என் ஃபோனுக்கு மட்டும் வந்தது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், "என்னைப் பொலிஸ் பிடிச்சிட்டுது அக்கா. நான் என்ன செய்ய?" என்றேன்.

"எம் புருசனையுந்தான் நேத்து காலையில புடிச்சிட்டுப் போனாங்க. இன்னும் விடல. அதுக்காகப் புள்ளயத் தூக்க ஆளில்லன்னு நான் உக்காந்திருந்தேனா?"

ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.