இரண்டாம் வரியில் ஒன்பது புள்ளி ஆறு

நான் தவறாகப் படித்தேன். பதினொரு பேர் முன்னால் வாயால் சொல்லியாகிவிட்டது, எழுத்திலும் இருக்கட்டும்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து என் நடையில் தொள்ளாயிரத்துப் பத்து அடியில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. பதினாறு வீடுகள். மூன்றாவது மாடியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹெபடைட்டிஸ் ஏ என்றார்கள். தண்ணீர், சாப்பாடு வழியாகப் பரவும் வகை. உடனே எல்லார் கண்ணும் வாட்ச்மேன் மேல் விழுந்தது. தரைத்தொட்டியின் மூடியைத் திறப்பவர் அவர். லாரித் தண்ணீருக்குக் குழாய் பிடிப்பவரும் அவர். சங்கச் செயலாளர் அவரை ஒரு லேபுக்கு அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்தார்.

ரிப்போர்ட் வந்ததும் செயலாளர் அதை நேராக என்னிடம் கொண்டுவந்தார். நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். இந்தக் கட்டடத்தில் எண் என்றால் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

தாளில் இரண்டு வரிகள். மேல் வரி ஐஜிஎம்: 0.2. கீழ் வரி டோட்டல்: 9.6, ரியாக்டிவ். இரண்டுக்கும் எல்லை ஒன்று. தொழிற்சாலையில் துளையின் அளவை இரண்டு முனை கொண்ட கேஜால் பார்ப்போம். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. எந்த முனை தவறினாலும் அந்தத் துண்டு கழிவுதான். அந்தப் பழக்கத்தில் சொன்னேன்: "மேல் வரி பாஸ். கீழ் வரி ஃபெயில். எல்லையைப் போல ஒன்பதரை மடங்குக்கு மேல இருக்கு."

அன்று மாலையே செயலாளர், மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் தரையில் பதித்த கற்களின் கணக்கில் மூன்று கல் பின்னால் நகர்ந்தேன்.

"இன்னா சார், நீதான் படிச்சியாமே?"

"ஆமாம்பா. எண் அப்படி இருக்கு."

"நம்பர் இருக்கட்டும் சார். எனக்கு ஜொரம் கீதா? கண்ணு மஞ்சளா கீதா? நல்லாப் பாரு. காலைல ஆறு இட்லி துன்னுட்டு வந்துகீறேன்."

"ரிப்போர்ட்ல இருக்கறதத்தானே நான் சொல்ல முடியும்?"

"வியாதிக்காரன்னு சொல்லி அனுப்பிட்டா குத்தம்பாக்கம் வரைக்கும் எவன் சார் எனக்கு வேல குடுப்பான்? ரெண்டு பொண்ணு படிக்குது." படியிறங்கப் போனவர் திரும்பினார். "ஒனக்கு எடுத்துப் பாத்தியா? நீயும் அதே தண்ணியத்தான குடிக்கிற?"

அவர் போன பிறகு நான்கு முறை கை கழுவினேன். ஐந்தாவது முறை குழாயைத் திறந்தபோது, கழுவுவதும் அதே தண்ணீரில்தான் என்பது உறைத்தது. பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போய் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தாள் கைக்கு வந்தது. மேல் வரி 0.1. கீழ் வரி 11.3. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முக்காடிட்ட பெண் ஒருத்தி லேப் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"அய்யா, இது ரெண்டும் வேற வேற கேள்வி. மேல இருக்கறது, இந்த நோய் இப்ப புதுசா வந்திருக்கான்னு கேக்குது. உங்களுக்கு இல்ல. கீழ இருக்கறது, இதுக்கு எதிர்ப்புச் சக்தி ஒடம்புல இருக்கான்னு கேக்குது. உங்களுக்கு இருக்கு. எப்பவோ வந்து போயிருக்கும், இல்ல தடுப்பூசி போட்டிருப்பீங்க."

"ஊசி போட்டதில்லையேம்மா. காமாலையும் வந்ததில்லையே!"

"சின்ன வயசுல வந்தா நெறைய பேருக்கு வந்ததே தெரியாதுங்கய்யா."

"அப்ப பதினொண்ணுன்னா?"

"எல்லையத் தாண்டினா இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். பதினொண்ணு வாங்கினவர் ஒம்பது வாங்கினவரவிட பெரிய நோயாளி கிடையாது." சிரித்துக்கொண்டே, "டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டிடுங்க" என்றாள்.

காட்டினேன். வாட்ச்மேனின் தாளையும் வாங்கிப் போய்க் காட்டினேன். டாக்டரும் அதையே சொன்னார்: இருவருக்கும் இந்தக் காமாலை இப்போது இல்லை; இனி வரவும் வராது; எங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. மூன்றாவது மாடிப் பெண்ணின் தாளில் உயர்ந்திருந்தது மேல் வரி.

ஆக, நல்ல துண்டைக் கழிவில் எறிந்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் அப்படி இரண்டு முறை செய்ததுண்டு. இரண்டும் இரும்பு.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பதினாறு வீட்டுக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். நான் தவறாகப் படித்ததைச் சொல்லி, இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்தேன்.

செயலாளர் அவற்றைத் தொடவில்லை. "சார், நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா ரிஸ்க் எடுக்க முடியாது. முடிவு பண்ணது பண்ணதுதான்."

"சரி. ஒண்ணுக்கு மேல போனா வெளியே, அதுதானே சட்டம்? அவருக்கு ஒன்பது புள்ளி ஆறு. எனக்குப் பதினொன்று புள்ளி மூணு. முதல்ல என்னைக் காலி பண்ணச் சொல்லுங்க. அப்புறம் இங்க உட்கார்ந்திருக்கற எல்லாருக்கும் ரத்தம் எடுங்க. நம்ம வயசுல எத்தனை பேர் மிச்சம் இருக்காங்கன்னு நானே எண்ணிச் சொல்றேன்."

பின்வரிசையில் ஒரு பெண்மணி சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் குழந்தைக்கு எங்கேருந்து வந்தது? அதச் சொல்லுங்க."

"தெரியாது. அதத்தான் நாம மொதல்லயே கேட்டிருக்கணும். தரைத்தொட்டியைக் கழுவி ஏழு மாசம் ஆகுது. சாக்கடைத் தொட்டி அதுக்கு நாலு அடியில இருக்கு. இவர் ரத்தத்தைப் பார்த்தோம், அந்தச் சுவரைப் பார்த்தோமா?"

குழந்தையின் அப்பா எழுந்தார். "தொட்டியைத் திறங்க" என்றார்.

மதியம் மூன்று மணிக்குள் தண்ணீரை இறைத்து முடித்தார்கள். வெயிலில் குனிந்து பார்த்தேன். சாக்கடைப் பக்கச் சுவரில், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில், கறுப்பாக ஒரு கசிவு. வேறு எந்தச் சுவரிலும் இல்லை. எண்ண ஒன்றுதான் இருந்தது.

"எறங்கி எங்க விரிஞ்சிருக்குன்னு பாருப்பா" என்றார் செயலாளர்.

வாட்ச்மேன் ஏணியின் மேல்படியில் ஒரு காலை வைத்தார். மறுகாலை எடுக்கவில்லை.

"மொதல்ல எனக்கு வேல கீதா இல்லியான்னு சொல்லு சார். அப்பால எறங்குறேன்."

"இருக்கு, இருக்கு. எறங்கு."

"இன்னா மொணமொணன்ற? மூணாவது மாடிக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் மூன்றாவது மாடியைப் பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தலையை உயர்த்தி, உரக்கச் சொன்னார்.