நிக்கலஸ் அழித்த சாவி

"நிக்கலஸ் அண்ணை கொம்பியூட்டருக்குள்ளால ஆயுதம் கடத்துறாராம். பொலிஸ் தேடுதாம்," என்றாள் என் சிநேகிதி மெலனி. மாசியில் ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"ஆர் சொன்னது?" என்றேன்.

"கிளென்ஃபீல்ட் பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள் கதைச்சவை. அவைக்கும் ஆரோ சொன்னதாம்."

அது 1997. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், ஹென்டர்சன் பகுதியில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்த நிக்கலஸ் பரப்பியது ஒரு மென்பொருளைத்தான். மின்னஞ்சலைப் பிறர் வாசிக்க முடியாதபடி அது பூட்டிவிடும். வலுவான பூட்டுகளை ஆயுதங்களோடு சேர்த்துத்தான் அந்தக் காலத்து ஏற்றுமதி விதிகள் வைத்திருந்தன. அதை எதிர்த்து, சனிக்கிழமைகளில் வெள்ளைக்கார நண்பர்களோடு கடைத்தெருவில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பார். எங்கள் ஆட்கள் விடுவார்களா?

"உம்மட மாமி புட்டு அவிச்ச கதையை ஆர் ஐசே ஒளிச்சிருந்து வாசிக்கப்போறான்?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"அப்ப நீர் ஏன் கடித உறையை நக்கி ஒட்டுறீர்?" என்பார் நிக்கலஸ்.

அவருக்கு அது வெறும் கொள்கையல்ல. மனைவி அஞ்சலினாவின் தம்பி டிலுக்ஷன், விசாவுக்காகக் கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாக மாறிக்கொண்டிருந்தான். தமிழ் இளைஞர்களைப் பிடித்துப்போகும் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து, தங்கும் இடத்தைப் பூட்டிய மின்னஞ்சலில் மட்டுமே எழுதுவான். பழக்கியவர் நிக்கலஸ். அதைத் திறக்கும் சாவி, ஒரு இரகசியக் கோப்பு, அவருடைய வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தது. பிரதி எடுத்தால் யார் கையிலாவது போய்விடும் என்பார்.

வதந்தி அவர் காதுக்கும் போனது. இந்த நாட்டில் அதற்கெல்லாம் கதவை உடைக்கமாட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னவர்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில், சோதனைக்கு வருகிறார்கள் என்றால் நாங்கள் முதலில் தேடியது நெருப்புப்பெட்டியை. படம், கடிதம் எல்லாம் அடுப்புக்குள் போகும். அந்தப் பழக்கம் அவரையும் விடவில்லை. அன்று பின்னேரமே கணினியை முழுதாக அழித்தார். சாவியும் போயிற்று.

பொலிஸ் வரவில்லை. டிலுக்ஷனின் மின்னஞ்சல்தான் வந்தது. திரை நிறையப் புரியாத எழுத்துகள்.

"என்னவாம் தம்பி?" என்றாள் அஞ்சலினா.

"திறக்க ஏலாது, அஞ்சு."

"பூட்டப் படிப்பிச்சனீங்கள்தானே? உடைக்கத் தெரியாதோ?"

"ஒருத்தராலயும் ஏலாது. அதுக்காகத்தானே அதைச் செய்தவங்கள்."

புதுச் சாவி செய்து, திரும்ப எழுதச்சொல்லி அனுப்பினார். பதில் இல்லை. 'என் பெயரில் திடீரென்று வேறு சாவி வந்தால் நம்பாதே, யாரோ ஏமாற்றுகிறான்' என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

அதற்குப் பிறகு அவரைக் கடைத்தெருவில் நான் காணவில்லை. வீட்டுக்குப் போனபோது மேசையருகே குந்தியிருந்தார். முகம் சவரம் கண்டு நாளாகியிருந்தது.

"சாவியை ஒரு கொப்பி எடுத்து வைச்சிருக்கலாம்," என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா, தெரியவில்லை.

அஞ்சலினா, தம்பி முன்பு தங்கியிருந்த லொட்ஜின் எண்ணைச் சுழற்றினாள். அவன் எங்கே போனான் என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

"அடிக்குதோ?" என்று கேட்டார் நிக்கலஸ்.

"ஓம், அடிக்குது."

"எடுக்கினமோ?"

அவள் கையை உயர்த்தி அவரைப் பேசாமலிருக்கச் சொன்னாள். ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். கொழும்பில் மணி அடித்துக்கொண்டிருந்தது.