ஹிஸ் ஹவுஸ், ஹெர் கிச்சின்

மகளின் இங்கிலீசு டியூசன் முடியும்வரை ஸ்கூட்டியில் உட்கார்ந்து காத்திருக்கும் உம்மாமாரில் நானும் ஒருத்தி. பின்னேரங்களில் கல்முனையின் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் எங்களைப் பார்க்கலாம். தகரக் கொட்டிலுக்குள் பிள்ளைகள் ஓதுவது வெளியே நன்றாகக் கேட்கும்.

அன்றைக்கு, எது யாருடையது என்று சொல்லும் பாடம். படிப்பிக்கும் சேர் ஒரு சொல்லைக் கொடுப்பார். பிள்ளைகள் அதை வசனத்துக்குள் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஹிஸ் ஷொப், இன் ஹிஸ் ஷொப். ஹெர் கிச்சின், இன் ஹெர் கிச்சின். கொஞ்ச நேரம் கேட்டதுமே எனக்குள் புகையத் தொடங்கிவிட்டது. கடை அவனுடையது, கார் அவனுடையது, வேலை செய்யும் கந்தோர் அவனுடையது. அவளுக்கு என்ன கொடுத்தார்கள்? குசினி, சாரி, பூச்சட்டி. கடைசியாக வீடு வந்தது. மை ஃபாதர் இஸ் இன் ஹிஸ் ஹவுஸ். என் வாப்பா அவருடைய வீட்டில் இருக்கிறார்.

அதை ஒவ்வொருவராக எழும்பிச் சொல்ல வேண்டும். மகளின் முறை வந்தது. "மை மதர் ஹேஸ் எ ஹவுஸ். மை ஃபாதர் இஸ் இன் ஹெர் ஹவுஸ்" என்றாள். என் உம்மாவுக்கு ஒரு வீடு இருக்கிறது, வாப்பா அவளுடைய வீட்டில் இருக்கிறார்.

சேர் சிரித்தார். "வாப்பா ஆம்புளயா, பொம்புளயா?" என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆம்புளதான் சேர். ஆனா ஊடு உம்மாட."

"அதெல்லாம் நம்மட கதையில. இங்கிலீசுல ஊடெண்டா வாப்பாடதான். ஹிஸ். எங்க, செல்லுங்க பாப்பம்."

அவள் சொல்லவில்லை. சேர் மூன்று நான்கு முறை கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த அன்றைக்கே வாப்பாவுக்கு வீட்டுக் கவலை பிடித்துவிடும். என் வாப்பா சவளக்கடை ஊரில் இருந்த வயலை விற்றுத்தான் எனக்குச் சுவர் எழுப்பினார். கூரை போடும்வரை என் கூடப்பிறந்த மூத்த காக்கா கல்யாணம் முடிக்கவில்லை. இந்த வழக்கத்தை மெச்சிப் பேச நான் வரவில்லை. இதனால் முதுகு ஒடிந்த வாப்பாமாரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வீடு என்னுடையது. உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. ஒரு பாடப்புத்தகம் வந்து அதைத் தூக்கி என் புருசனுக்குக் கொடுப்பதாக இருந்தால், யாரைக் கேட்டுக் கொடுத்தது?

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. அந்தச் சேரும் எங்கள் ஊர்தான். அவர் குடியிருப்பது அவருடைய மனைவியின் சீதன வீடு. டியூசன் கொட்டில் நிற்பது அந்த மனைவியின் வளவுக்குள். வைற் போட் தொங்குவது கொட்டிலை ஒட்டிய அவளுடைய வீட்டுச் சுவரில். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அந்த மனுசன் ஹிஸ் ஹவுஸ், ஹிஸ் ஹவுஸ் என்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார்.

மகள் அன்றோடு இங்கிலீசுக்கு வாயைத் திறக்கவில்லை. அதுவரை வீட்டில் ஃபிரிஜ்ஜோடும் இங்கிலீசு, பூனையோடும் இங்கிலீசு. சேர் நடத்தவிருந்த பெற்றோர் கூட்டத்தில் 'என் வீடு' என்று பேசுவதற்கு அவளைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். இப்போது கேட்டால், "நான் போக மாட்டன் உம்மா, எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை உள்ளதைச் சொன்னதற்கு வெட்கப்பட்டு மூலையில் இருந்தது. இப்போது வாயை மூடினால் இவள் இனித் திறக்கவே மாட்டாள் என்று பயந்தேன்.

அடுத்த வகுப்புக்கு, பாடம் தொடங்க முந்தியே போய்விட்டேன். சேர் கொட்டிலுக்குள் பிள்ளைகள் உட்காரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சேர், புள்ள உண்மையத்தானே சென்னா. அதுல என்ன பிழ?"

"பிழையெண்டு நான் செல்லல்ல. புத்தகத்துல அப்பிடித்தான் இரிக்கி. சோதினையிலயும் அப்பிடித்தான் வரும்."

"அப்ப நீங்க எங்க இரிக்கீங்க? ஹிஸ் ஹவுஸ்லயா, ஹெர் ஹவுஸ்லயா?"

சேரின் முகம் கறுத்துவிட்டது. என் குரல் வீட்டுக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். அவருடைய மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன்.

"உடுங்க தங்கச்சி. இங்கிலீசுலதானே" என்றாள். "அவரு அப்பிடிச் சென்னாப்போல ஊடு எங்க போகப் போகுது?"

அந்த நிமிசம் சேரைவிட அவள்மேல்தான் எனக்குக் கூடக் கோபம் வந்தது. நான் விடவில்லை. மேடையில் மகள் தனக்குத் தெரிந்த மாதிரித்தான் பேசுவாள், ஒரு சொல்லை மாற்றினாலும் நான் எழும்பி நின்று கேட்பேன் என்று சொன்னேன். கடைசியில் சேர் கையை விரித்தார்.

"ஒங்கட விருப்பம். சனம் சிரிச்சா என்னக் குத்தஞ் செல்லப்படாது."

வென்றுவிட்ட மிதப்போடு வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டே புருசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். மனுசன் என்னோடு சேர்ந்து கொதிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"உட்டிரு புள்ள. இங்கிலீசுலயாவது எனக்கொரு ஊடு இரிக்கட்டுமே."

"அப்ப இது என்ன, லொட்ஜா?" என்று பாய்ந்தேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "ரெண்டு தங்கச்சிக்கும் வெளிநாட்டுல, கட்டார்ல கெடந்து ஊடு கட்டினன். ஒவ்வொரு ஜன்னலும் நான் அனுப்பினது. இப்ப அங்க போனா, தங்கச்சிமார்ர மாப்புளமார் வந்து, வாங்க மச்சான், இரிங்க எண்டு செல்லுவாங்க. இங்க ஒரு ஆணி அடிக்கிறெண்டாலும் ஒன்னக் கேட்டுத்தானே அடிக்கன். நான் குறையாச் செல்லல்ல. உள்ளதத்தான் செல்றன்."

ஆணி அடிக்க அவர் என்னிடம் கேட்பதை நான் மரியாதை என்று எடுத்திருந்தேன். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எனக்காக வயலை விற்ற வாப்பா ஒரு பக்கம், கட்டாரில் கிடந்து காய்ந்த இந்த மனுசன் ஒரு பக்கம். இருவரையும் இப்படி வைத்திருப்பது எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் ஊர்தான். அதோடு போய் எந்தக் கொட்டிலில் சண்டை பிடிப்பது?

மகள் மட்டும் அன்றைக்கே தேறிவிட்டாள். கை கழுவியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சைப் பழகத் தொடங்கினாள். இங்கிலீசு திரும்பி வந்ததே போதும் என்று நான் போய்க் கேட்கவில்லை.

கூட்டத்தன்று கொட்டில் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் வாப்பாமார், ஒரு பக்கம் நாங்கள். மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். இது என் உம்மாவின் வீடு என்று தொடங்கினாள். என் வாப்பா அவளுடைய வீட்டில் இருக்கிறார் என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சேரை ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் நிறுத்தவில்லை. "ஹி பில்ட் ஹவுசஸ் ஃபோர் ஹிஸ் சிஸ்டர்ஸ்" என்றாள். தன் தங்கச்சிமாருக்கு வீடு கட்டினார். பிறகு, பாடம் சொல்லும் அதே தெளிவான குரலில், "மை ஃபாதர் ஹேஸ் நோ ஹவுஸ்" என்றாள். என் வாப்பாவுக்கு வீடு இல்லை.

சேர், கைதட்டத் தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். வாப்பாமார் பக்கத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. என் புருசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையைப் பேச விடு என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். ஓடிப்போய் அவளை மேடையிலிருந்து இறக்க வேண்டும் போல் இருந்தது எனக்குத்தான்.

புருசனின் மோட்டார் சைக்கிளில் மூவரும் வீட்டுக்குத் திரும்பினோம். நான் கதவைத் திறந்ததும் மகள் உள்ளே ஓடிவிட்டாள். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியடியில் நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க மச்சான், உள்ள வாங்க" என்றேன். வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரியேதான் அது என் வாயிலிருந்து வந்தது.