அவிழ்க்காமல் வாங்கிய நான்கு மூட்டைகள்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று அண்ணி என்னிடம் கேட்டார்கள். அவர் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அழுதுகொண்டே எழுதுவேன் என்று அண்ணி நினைத்திருக்கலாம். வருடம் ஒன்று ஆகியும் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது. அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது காரைக்காலில். அப்பா வியட்நாமில், சைகோனில் நம் ஊர்க்காரர் ஒருவரின் துணிக்கடையில் வேலை பார்த்தார். அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா எங்களைக் கப்பலேற்றி அங்கே கூட்டிப்போனார். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். கப்பலில் எல்லோருக்கும் போர்வை கொடுத்தார்கள். அண்ணனுக்கு மட்டும் எப்படியோ விட்டுப்போயிற்று. போய்க் கேட்டால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு அத்தனை நாளும் படுத்திருந்தார் என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுடன் கடைக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தொட்டாலே இது பட்டு, இது கலப்பு என்று சொல்லிவிடுவார். அவர் அளந்து கொடுத்த துணி ஒரு விரல்கடை கூடுமே தவிரக் குறையாது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில்தான் அவர் இன்னொன்றும் கற்றுக்கொண்டார். அங்கே கட்பீஸ் துணி மூட்டை மூட்டையாக வரும். மூட்டையை அவிழ்க்காமல், மேலே தடவிப் பார்த்து, தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். அவிழ்த்துக் காட்டு என்று கேட்பது விற்பவரைச் சந்தேகப்படுவதாம். வாங்கிய பிறகு உள்ளே கந்தல் இருந்தாலும் திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாம். இதற்கு வியாபார மரியாதை என்று பெயர்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு வேலை கிடைத்தது. சைகோனுக்கு வடக்கே ஜியா தின்னில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். குழந்தைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வேண்டும். தெத் புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று காலை ஏழு மணிக்கு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கையில் இரண்டு மாதம் இருந்தது. சண்டைக்காலம். எங்கே எப்போது குண்டு வெடிக்கும் என்று தெரியாது. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"தனியா போறதுன்னா போவ வேணாம். அண்ணன் கொண்டுபோய் விட்டு, அண்ணனே கூட்டியாறதுன்னா போ."

அண்ணனிடம் சைக்கிள் மட்டும்தான் இருந்தது. ஊரெல்லாம் மொபெட் ஓடியது. ஒரு பழைய மொபெட் வாங்கியிருந்தால் என் கவலை மறுநாளே தீர்ந்திருக்கும். சேலையோடு ஒருபக்கமாக உட்கார ஸ்கூட்டர்தான் சரி என்று அண்ணன் சொன்னார். அதையும் நான் நம்பினேன். புது ஸ்கூட்டருக்கு வழியில்லை. சீனர்கள் கடை வைத்திருக்கும் சோலோன் பகுதியில் ஒரு சீனத்தம்மா ஸ்கூட்டர் ஒன்றை விற்பதாக யாரோ சொல்லக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது மூன்று சக்கர ஸே லாம் வண்டி ஒன்றில் நான்கு சாக்கு மூட்டைகள் வந்து இறங்கின.

"ஸ்கூட்டர் எங்கே அண்ணே?" என்று கேட்டேன்.

"இதுதான் பாப்பா."

வெகு காலத்துக்கு முன் இத்தாலியிலிருந்து வந்த முதல் மாடலாம். முன் விளக்கு கைப்பிடியில் இருக்காது, சக்கரத்தின் மட்கார்டு மேல் உட்கார்ந்திருக்கும். அந்தச் சீனத்தம்மாவின் கணவர் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று கடைசித் திருகாணிவரை கழற்றிப் போட்டார், மறுபடி சேர்ப்பதற்குள் இறந்துபோனார். அண்ணன் மூட்டைகளை மேலே தடவிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், வாங்கிவிட்டார்.

"உள்ளே பாத்தியா அண்ணே?"

"பாக்கணுமா என்ன. எல்லாம் இருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க."

அவிழ்த்துக் கொட்டினோம். இடப்பக்கத்து மூடி மூன்று இருந்தது. வலப்பக்கம் இன்ஜினை மூடும் மூடி ஒன்றுகூட இல்லை. கைப்பிடி இரண்டு. இன்ஜின் இருந்தது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து அதற்கு அனுப்பும் கார்புரேட்டர் இல்லை. பிளக் இல்லை. சின்னத் திருகாணி ஒன்றுகூட இல்லை. அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு அரிசிப் பானையை நகர்த்தி இன்ஜினுக்கு இடம் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஏழு வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. அண்ணன் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். துருவைத் தேய்ப்பார், மண்ணெண்ணெயில் கழுவுவார், துணிக்குச் சீட்டுக் கட்டுவதுபோல ஒவ்வொரு பாகத்திலும் நூலில் சீட்டுக் கட்டி வைப்பார். எங்கள் சோற்றில்கூட மண்ணெண்ணெய் மணத்தது. வண்டியின் சட்டம் நிமிர்ந்தது, சக்கரம் ஏறியது, இளம்பச்சைப் பெயின்ட் அடித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓடுவதற்கு மட்டும் வழியில்லை. கூடுதலாக இருந்த கைப்பிடியையும் மூடிகளையும் எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். அத்தனை பழைய மாடலுக்குக் கார்புரேட்டர் எங்கேயும் இல்லை.

"அந்தச் சீனத்தம்மாகிட்டேயே போய்க் கேளேன் அண்ணே. உள்ளே இது இல்லையேன்னு ஒரு வார்த்தை."

"வாங்கின அப்புறம் எப்படிக் கேக்கறது பாப்பா? நாம அவங்கள சந்தேகப்படுறோம்னு ஆயிடும்."

"ஆனா ஆவட்டுமே. எனக்கு வேலை போயிடும்."

"கிடைச்சிடும், இரு."

தினமும் இதே பேச்சு. ஆட்டுக்கல்லோடு பேசியிருந்தால்கூட அது கொஞ்சம் அசைந்திருக்கும். தெத் வந்தது, போனது. பள்ளி திறக்க ஆறு நாள் இருந்தது. அண்ணன் கார்புரேட்டர் வரவேண்டிய ஓட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி போகக் கூடாதாம். எனக்கு அன்றைக்குத்தான் தலைக்கு ஏறிவிட்டது.

மறுநாள் அப்பாவும் அண்ணனும் கடைக்குப் போனதும் அம்மாவிடம் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஸே லாமில் ஏறினேன். உள்ளே கோழிக்கூடை வைத்திருந்த ஒரு பெண், இரண்டு மாணவர்கள், காய்கறி மூட்டை, நான். வழியில் போலீஸ்காரர்கள் ஒருமுறை நிறுத்தி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. சோலோனில் இறங்கி இரண்டு பேரிடம் வழி கேட்டு அந்தச் சீனத்தம்மாவின் கடையைக் கண்டுபிடித்தேன்.

கயிறும் சாக்கும் விற்கும் சின்னக் கடை. நான் வியட்நாமிய மொழியில் ஸ்கூட்டர் என்று ஆரம்பித்ததுமே அவர் எழுந்துவிட்டார். அந்த உயரமான இந்தியர் உனக்கு யார் என்று கேட்டார். அண்ணன் என்றேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுக்கொண்டே பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். கார்புரேட்டர், பிளக், திருகாணிகள், சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் என்று அத்தனையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அதில் இருந்தன. சின்னப் பொருள் தொலையாமல் இருக்க அவர் கணவர் தனியாக வைத்திருந்தாராம். மூட்டை போன மறுநாள்தான் இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. எங்கள் விலாசம் தெரியாது. எப்படியும் கேட்டுக்கொண்டு வருவார் என்று கடை திறக்கும்போதெல்லாம் பார்த்திருந்தாராம். வலப்பக்கத்து மூடி அவர் தலைக்குமேல் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் இறக்கித் துடைத்துக் கொடுத்தார்.

ஏழு வாரம். எழுதும்போது இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பாவும் அண்ணனும் வந்தபோது டின்னையும் மூடியையும் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு நின்றேன். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"போய்க் கேட்டியா?"

"கேட்டேன்."

"அவங்க என்ன நினைச்சிருப்பாங்க?"

"நீ ஏன் வரலேன்னு நினைச்சாங்களாம். உனக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சாங்களாம்."

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சோலோனுக்கு யாரு கூடப் போன?"

"யாரும் இல்லப்பா. ஸே லாம்ல போனேன். அதுலயே வந்தேன்."

அப்பா திட்ட ஆரம்பித்தார். அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"போயிட்டு முழுசா வந்து நிக்கிறாள்ல. பள்ளிக்கூடத்துக்கும் அதுலயே போவட்டும். இந்த ஸ்கூட்டர நம்பி உக்காந்தா கெழவியாயிடுவா."

அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளி திறந்த நாளன்று காலை ஏழு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே ஸே லாமில் போய் இறங்கினேன். ஆறு வருடம் அந்தப் பள்ளியில் வேலை பார்த்தேன்.

ஸ்கூட்டர் அதற்கு இரண்டு வாரம் கழித்து ஓடியது. முதல் சவாரிக்கு என்னைத்தான் கூப்பிட்டார். பெரிய மார்க்கெட்டின் எதிரே நட்டநடு ரோட்டில் அது நின்றுவிட்டது. நாலாபக்கமும் ஹாரன். அண்ணன் உதைத்துக்கொண்டே இருக்கிறார், வியர்வை ஊற்றுகிறது, பக்கத்தில் நிற்கிற யாரையும் தள்ளிவிடச் சொல்லிக் கூப்பிடமாட்டேன் என்கிறார். நான்தான் இறங்கிப்போய் இரண்டு சிப்பாய்களைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டுப் போனார்கள்.

சண்டை முடிந்து சைகோன் கைமாறிய பிறகு ஊருக்குக் கிளம்பியபோது அந்த ஸ்கூட்டரைச் சோலோனுக்கு ஓட்டிக்கொண்டுபோய்ச் சீனத்தம்மாவிடமே விட்டுவிட்டு வந்தார். முழுதாகச் சேர்ந்து ஓடி வந்ததைப் பார்த்து அந்தம்மா அழுதார் என்று மட்டும் சொன்னார். காரைக்காலில் சின்னதாகத் துணிக்கடை வைத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு கேள்வி கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் அவிழ்த்துப் பார்க்காமல் வாங்கியவற்றில் அண்ணி விஷயம் ஒன்றுதான் குறையில்லாமல் அமைந்தது. அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி கடைசி நாட்கள். கடைப்படி ஏறும்போது அண்ணன் நடுவில் நின்று நின்று ஏறியதை எதிர்க்கடைக்காரர் பார்த்திருக்கிறார். படியைப் பெருக்கவில்லை, அதைப் பார்க்கிறேன் என்று அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு நான் போயிருந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். என்ன அண்ணே என்றேன். வாயு என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். கொஞ்ச நாளாக என்றார். நாலு மாதமாம், பிறகுதான் தெரிந்தது. முதலிலேயே வந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்று டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார். சோலோனுக்கு நான் போய்க் கேட்க முடிந்தது. அன்றைக்கு என்ன இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த ஊருக்கும் போய், யார் காலிலும் விழுந்து கேட்டிருப்பேன். சொல்லவே இல்லையே அண்ணே.

அண்ணனைக் கடைசி மூன்று நாளும் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், கடையைப் பார்த்துக்கொண்ட எதிர்க்கடைக்காரருக்கும், பதினாறு நாளும் அண்ணிக்குத் துணையாக இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிஸ்கட் டின்னை ஏழு வாரம் பத்திரமாக வைத்திருந்த அந்தச் சீனத்தம்மாவுக்கும் நன்றி. அவர் பெயரை அன்றைக்கு நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

இன்று பந்தியில் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். யார் இலைக்காவது ஏதாவது வராமல் போனால் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் எழுந்துவிடாதீர்கள். என் அண்ணன் அப்படித்தான் எழுந்து போனார்.

இப்படிக்கு,
தங்கை